அடுத்த வாரம் வாங்க

நான் இப்போது வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு யாராவது வேலை கேட்டு வந்தால், முதலாளி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன். வேலை இல்லை, இந்த வருஷம் ஆள் எடுக்கவும் மாட்டோம், வேறு இடம் பாருங்கள் என்று பர்மியம் தெரிந்தவருக்குப் பர்மியத்திலும் தமிழ் தெரிந்தவருக்குத் தமிழிலும் சொல்லி அனுப்பிவிடுவேன். முதலாளிக்கு இது கொஞ்சமும் பிடிக்காது.

"ஏம்மா, அடுத்த வாரம் வாங்கன்னு பதமா சொன்னா ஒன் வாயில இருந்து முத்தா உதுந்துடும்?" என்பார்.

முத்து உதிராதுதான். ஆனால் அந்த வார்த்தையை நம்பி ஒருத்தர் அலைந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அவர் பெயர் இங்கே வேண்டாம். ஊர்க்கோடியில் பாக்டரிகள் நிறைந்த லைங் தாயாவிலிருந்து வருவதால் லைங் தாயா அக்கா என்போம். அவருக்கு முன்னால் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், பின்னாலும் பார்த்தேன். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் மனுஷியாக அவர் ஒருத்தரைத்தான் பார்த்தேன். யாங்கோனில் அப்படி ஒரு ஆள் பிழைக்க முடியாது.

அக்கா ஒரு தையல் பாக்டரியில் துணி சரிபார்க்கிறவராக இருந்தவர். தைத்து வரும் சட்டைகளை மேஜையில் விரித்து, தையலை இழுத்துப் பார்த்து, தொங்கும் நூலை வெட்டி, நல்லதை ஒரு கூடையிலும் கழிவை இன்னொரு கூடையிலும் போட வேண்டும். வருஷக்கணக்காக அதே வேலை. "எங்க மேசைல ரெண்டு கூடைதான் தங்கச்சி. பாக்கலாம்னு ஒரு கூடை கெடையாது" என்பார். நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் கைப்பையில் இருக்கும். வேலை போன பிறகும் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டையில் நூல் தொங்கினாலும் அவர் கை பைக்குள் போகும். நான் பிடித்து இழுத்துவிடுவேன்.

அந்த வேலை போன விதத்தையும் அவர் வாயால்தான் கேட்க வேண்டும். கொரோனா நோய்க் காலம் முடிந்து, அதற்குப் பின் வந்த கெட்ட காலத்தில், பாக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் காலையில் ஃபெரி வரவில்லை. ஃபெரி என்றால் கப்பல் இல்லை, ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அக்கா கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு தெருமுனையில் மத்தியானம்வரை நின்றிருக்கிறார். மற்ற பெண்கள் எல்லாரும் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"வேலை போச்சுன்னு யாரும் சொல்லல தங்கச்சி. பஸ்ஸு வரல, அம்புட்டுத்தான். சொல்லாம எப்படி வீட்டுக்குப் போறது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் போய் நின்றதாகச் சொன்னார்.

வேலை போனவனுக்கு வாராவாரம் அரசாங்கமே காசு கொடுக்கும் ஊர்கள் இருக்கின்றனவாம். எங்களுக்கு வாய்த்தது கோயில் கமிட்டி. நகரத்தின் நடுவே கியாக்டடாவில் விமான டிக்கெட் போடும் ஆபீஸில் நான் கிளார்க்காக இருந்தேன். அதுவும் பூட்டிக்கொண்டதும் நான் குடியிருக்கும் தின்கன்ஜூனிலிருந்து பஸ் பிடித்துச் சனிக்கிழமைதோறும் கமிட்டி மாடிக்குப் போகத் தொடங்கினேன். அரிசி, எண்ணெய், பருப்பு, வாடகைக்குக் கொஞ்சம் காசு. அங்கே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் அக்கா. கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அரிசியைத் தின்றுதான் நானும் இன்றைக்கு உட்கார்ந்து வாய் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கெடுத்தது கமிட்டிக் காரியதரிசியின் மகன். ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அப்பனிடம் போனில் பேசும்போது, இங்கெல்லாம் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், உதவி வாங்குகிறவன் வேலை தேடியதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். காரியதரிசிக்கு அது வேதவாக்காகிவிட்டது. அடுத்த சனிக்கிழமையே சட்டம் வந்தது. வாரம் மூன்று இடத்தில் வேலை கேட்க வேண்டும். கேட்ட இடத்தின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். கமிட்டி போன் போட்டு விசாரிக்கும். கிடைத்த வேலைக்குப் போகாவிட்டால் அன்றோடு உதவி நிற்கும்.

"சோம்பேறித்தனத்துக்குக் கோயில் காசு குடுக்கக் கூடாதில்லையா?" என்றார் காரியதரிசி. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் இருபது வருஷம் இடுப்பொடிய வேலை பார்த்தவர்கள். எல்லாரும் தலையை ஆட்டினோம். அரிசி மூட்டை அவர் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் போய் வேலை கேட்கக்கூடிய தமிழ்க் கடைகள் எல்லாம் கமிட்டிக்கு நன்கொடை கொடுப்பவர்களின் கடைகள். அரிசி கொடுத்தவரிடமே போய் வேலை கேட்க வேண்டும். அவர் கையை விரிப்பார். சனிக்கிழமை அவரே மாடியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஒழுங்கா வேலை தேடுறீங்களா?" என்று கேட்பார். நாங்கள் தேடுகிறோம் என்போம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்.

அக்காவைத் தவிர நாங்கள் எல்லாரும் சீக்கிரமே வழி கண்டுபிடித்தோம். எனக்குப் போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் தோழி ஒருத்தி இருந்தாள். மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கும் சித்தி ஒருத்தி இருந்தாள். போன் வந்தால், ஆமாம் வந்தாள், இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். மூன்றாவதாக ஒரு பெரிய கடைக்குள் நுழைந்து வந்தால் வாரக் கடமை முடிந்தது. அக்காவுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலை கேக்கப் போறதுன்னா வேலை கேக்கப் போறது. சும்மா போயிட்டு வந்து கேட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அதனால் அவர் மட்டும் நிஜமாகவே கேட்டார். ஒவ்வொரு கடைக்கும் கைலி மாதிரி இடுப்பில் சுற்றும் லோன்ஜியைச் சலவை செய்து கட்டி, தலைமுடியை எண்ணெய் வைத்துப் படியச் சீவி, கிடைத்துவிடும் என்ற முகத்தோடு போவார். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மார்ச் மாதம் அரசாங்கப் பரீட்சை. அதுவரை லைங் தாயாவில் இருந்த வாடகை அறையை விட்டுவிடாமல் பிடித்துவைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வேண்டுதல். அப்புறம் என்னவானாலும் ஆகட்டும் என்பார். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

பர்மியர்கள் ஆனாடே என்பார்கள். எதிரே நிற்பவரின் முகம் வாடும்படி ஒன்றைச் சொல்ல வாய் வராமல் போவது. தமிழில் தாட்சண்யம் என்கிறோம், ஆனால் அது இதில் கால்பங்குகூட வராது. நாலு தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து நாங்களும் அதில் ஊறிப்போய்விட்டோம். இங்கே யாரும் யாரையும் பார்த்து இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம் என்பார்கள். அதற்கு அர்த்தம் இல்லை என்பதுதான். கைக்குழந்தைக்கும் தெரியும்.

அக்காவுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான். தெரிந்தும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருமுறை என்னோடு தின்கன்ஜூனுக்கு வந்தார். எங்கள் பக்கத்து வீட்டில் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடந்து போகிறவரைப் பார்த்துச் சாப்பிட வாங்க என்று சொல்வது ஊர் வழக்கம். யாபாடே, இருக்கட்டும் என்று சிரித்துவிட்டுப் போவதும் வழக்கம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரி ஒரு நொடி திகைத்து, பிறகு தன் தட்டிலிருந்த மீனைப் பாதியாக்கி வைத்தாள். எனக்கு மானம் போனது.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"கூப்பிட்டாங்கல்ல? பசியாவும் இருந்துச்சு. மீன்ல உப்பு கொறைச்சல், அத அவங்ககிட்டயே சொல்லிட்டேன்."

நாங்கள் மரியாதையாகச் செயா என்று கூப்பிடும் காரியதரிசியிடமும் அப்படித்தான். தீபாவளிக்கென்று தைத்த புதுச் சட்டையை மூன்று வாரம் முன்னதாகவே போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார். நாங்கள் எல்லாரும் ராஜாவாட்டம் இருப்பதாகச் சொன்னோம். அக்கா எழுந்துபோய்த் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எடது கை ஒரு விரக்கடை எறக்கம் செயா. எங்க மேசைல இது கழிவுக் கூடைக்குத்தான் போவும்" என்றார். காரியதரிசி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் படவில்லை.

இனிமேல் துணிக்கடை முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கியாக்டடாவில் லோன்ஜித் துணிக்கு அவர் கடை பேர் போனது. தங்கமான மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். பிச்சைக்காரரைக்கூட வாங்க போங்க என்பார். கமிட்டிக்கு அவர் கொடுத்த அரிசிதான் அதிகம். மழைக்காலத்தில் அக்கா முதல்முறை அங்கே போய்க் கேட்டபோது, நாற்காலி போடச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரம் வாங்கக்கா, பாக்கலாம் என்றிருக்கிறார்.

அடுத்த வாரம் அக்கா போனார். அதற்கடுத்த வாரமும் போனார். லைங் தாயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, பாலத்து நெரிசலில் நின்றுகொண்டே வந்து, டீ குடித்துவிட்டு, அடுத்த வாரத்தை வாங்கிக்கொண்டு திரும்புவார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அவர் இல்லன்னு சொல்றாருக்கா. புரியலையா ஒங்களுக்கு?"

"இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போறாரு. அவருக்கு வாய் இருக்குதே. அடுத்த வாரம் வான்னுதான சொல்றாரு? போவலைன்னா என் தப்பு ஆயிடாது?"



புதுச் சட்டை விஷயம் நடந்ததற்கு அடுத்த சனிக்கிழமை, காரியதரிசி அக்காவின் அட்டையை எடுத்துப் பார்த்தார். துணிக்கடைப் பெயர் வாராவாரம் இருந்தது. உடனே அந்தக் கடைக்குப் போன் போட்டார். அன்றைக்குத் துணிக்கடை முதலாளி மாடிக்கு வரவில்லை, கடையில் இருந்தார். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார் காரியதரிசி.

"இந்த லைங் தாயா அம்மாவுக்கு ஒங்க கடைல வேலை உண்டா இல்லையா?"

அந்த மனுஷன் என்ன செய்வார்? கேட்பவர் காரியதரிசி. பக்கத்திலேயே அக்கா நிற்கிறார் என்றும் தெரியும். இல்லை என்றால் அக்கா முகம் வாடும், கல்நெஞ்சன் என்று கமிட்டியும் நினைக்கும். போனில் அவர் குரல் தேனாக வந்தது.

"அக்காவா? நம்ம அக்காதான! வரச் சொல்லியிருக்கேன். பண்ணிடலாம், பண்ணிடலாம்."

காரியதரிசி போனை வைத்தார். "கேட்டீங்களா? வேலை குடுக்குறாரு. நீங்கதான் போவாம வாராவாரம் இங்க வந்து அரிசி வாங்குறீங்க" என்றார். அன்றோடு அக்காவின் உதவி நின்றது. மூட்டையிலிருந்து அள்ளிவைத்த அரிசி மூட்டைக்கே திரும்பிப் போனதை நான் பார்த்தேன்.

அக்கா அழவில்லை, வாதாடவும் இல்லை. முகம் மலர்ந்திருந்தது.

"கேட்ட இல்ல? பண்ணிடலாம்னு சொல்லிட்டாரு. திங்கக்கெழமை போறேன்" என்றார்.

அந்தத் திங்கள்கிழமை என் மூன்றாவது இடமாக அந்தக் கடையையே வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். நான் நுழையும்போது அக்கா செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, துணிக்கட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, கத்தரியால் லோன்ஜி ஓரங்களில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தார். கடைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி நெற்றியைத் துடைத்தபடி நின்றார்.

"என்னக்கா இது?"

"வரச் சொன்னதா போன்ல சொன்னீங்களே மொதலாளி. வந்துட்டேன்."

"அது... சரி சரி. யாபாடே. டீ குடிச்சீங்களா?"

இப்படித்தான் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். கடை திறக்குமுன்பே வாசலில் நிற்பார். நூல் வெட்டினார், துணி மடித்தார், கரண்ட் போனால் இருட்டில் தடவியே எந்தத் துணி எந்த அடுக்கு என்று எடுத்துக் கொடுத்தார். ஓட்டை விழுந்த துணியைக் கழித்து ஒதுக்கிவைத்து, வாங்க வந்தவர்களிடமும் அதைச் சொன்னார். முதலாளி அவருக்கு மத்தியானச் சோறு போட்டார். போ என்றும் சொல்லவில்லை, சம்பளம் இவ்வளவு என்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு எல்லாருக்கும் கொடுத்தது போல அக்காவுக்கும் ஒரு லோன்ஜியும் ஒரு பெட்டி இனிப்பும் கொடுத்தார். நல்ல உயர்ந்த துணி. அதை அறை வாடகையாகக் கொடுக்க முடியுமா?

மாதம் முடிந்ததும் அக்கா சம்பளம் கேட்டார். வியாபாரம் டல்லாக இருக்கிறது, அடுத்த வாரம் பாக்கலாம் என்றார் முதலாளி. அக்கா மாடிக்கு வந்து கமிட்டியிடம் சொன்னார். துணிக்கடை முதலாளியும் அன்றைக்கு மேஜைக்குப் பின்னால் இருந்தார். டீக் கிளாஸுக்குள் ஏதோ விழுந்துவிட்டதைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை இருக்கா, இருக்கு. சம்பளம் எப்ப, எவ்வளவுன்னு கமிட்டி கேக்க முடியுமா? அது அவங்க கடை விசயம்" என்றார் காரியதரிசி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து, "சம்பளம் இல்லாத வேலைக்கு என்ன பேரு செயா?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஒங்க அட்டையக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். போன் கடை, மொஹிங்காக் கடை எல்லாம் வரிசையாக இருந்தது. போன் போட்டும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பொய் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். என் அரிசியை நான் வாங்கிக்கொண்டு இறங்கினேன். பாதியை அக்காவின் பையில் கொட்டினேன்.

அக்காவுக்கு என்னதான் வேண்டும் என்று நான் யோசித்திருக்கிறேன். அவர் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. ஒன்று, வேலை என்று சொல்லிச் சம்பளம் கொடுக்க வேண்டும். அல்லது, இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் கமிட்டி அரிசியாவது திரும்ப வரும். இரண்டு கூடையில் ஒன்று. மார்கழி பிறந்தபோது வாடகை பாக்கி நின்றதால் அறைக்காரி அறையை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். அன்றைக்குக் கடை மூடும் நேரத்தில் அக்கா முதலாளி முன்னால் போய் நின்றார். என்னைக் கூட வரச் சொல்லியிருந்தார்.

"மொதலாளி, எனக்குச் சம்பளம் வேணாம். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலை இல்லன்னு சொல்லுங்க. அதையே கமிட்டிக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. எம்மவ பரீட்சை முடியிற வரைக்கும் அந்தக் காசு வந்தாப் போதும்."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யாகக் கலங்கவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

"ஒங்களப் போயி இல்லன்னு நான் எப்படிக்கா சொல்லுவேன்? என் நாக்கு அழுவிப் போயிடாது? கொஞ்சம் பொறுங்க. தை பொறந்தா வழி பொறக்கும். பாக்கலாம்."

அக்கா கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. அவர் வராததைப் பார்த்து முதலாளி மனம் வருந்தியதாகக் கடைப் பெண்கள் சொன்னார்கள். நன்றாக வருந்தட்டும்.

தை பிறப்பதற்கு முன்னாலேயே அக்காவுக்கு ஒரு வழி பிறந்தது. எல்லையோரத்து மியாவாடிக்குப் பஸ், அங்கிருந்து ஆற்றைத் தாண்டிச் சயாமில் ஏதோ தையல் பாக்டரி. கூட்டிப்போகிறவன் யாரென்று அவருக்கே சரியாகத் தெரியாது. மகளையும் கூட்டிக்கொண்டு போனார். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு நான் வழியனுப்பப் போனேன். அந்தப் பெண் பள்ளிக்கூடப் பையில் துணிகளை அடைத்துத் தோளில் மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தீபாவளிக்குக் கொடுத்த லோன்ஜியை அக்கா கட்டியிருந்தார். ஓரத்தில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை.

பஸ்காரன் ஆட்களை ஏறச் சொல்லிக் கத்தினான். பிரிகிற நேரத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன்.

"போயிட்டு வாங்கக்கா. சித்திரைல திஞ்ஞான் தண்ணித் திருவிழா லீவுக்கு நான் அங்க வந்து ஒங்களப் பாக்குறேன்."

ஏறப் போனவர் படியில் நின்று திரும்பினார்.

"நெசமாத்தான் சொல்றியா?"

ஆமாம் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வாய் அது. அக்கா காத்துக்கொண்டிருந்தார். துணிக்கடையில் நாற்காலியில் உட்கார்ந்து டீக் கிளாஸோடு காத்திருப்பாரே, அதே முகம்.

"இல்லக்கா," என்றேன். "வரமாட்டேன். எனக்குக் காசும் கெடையாது, அந்தப் பக்கம் போவப் பயமாவும் இருக்கு. நான் வரமாட்டேன்."

அக்கா இறங்கி வந்து என் கன்னத்தில் கையை வைத்தார்.

"நல்லா இருப்ப தங்கச்சி," என்றார். "அப்ப நான் வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டேன்."